டிரேடிங்குக்குப் புதுசா? பயத்தைக் குறைக்க முதலில் தொகையைக் குறையுங்கள்

நெல்லை ஜங்ஷனோ, வண்ணார்பேட்டையோ, பாளை மார்க்கெட்டோ, காலை ஒன்பதேகாலுக்கு மேல் எந்த டீக்கடையில் நின்றாலும் செல்போனைக் குனிந்து பார்த்தபடி நாலு பேராவது இருப்பார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன்கள், மெடிக்கல் ரெப், வளைகுடாவில் இருந்து ஊர் திரும்பியவர், ரிட்டையர் ஆன வாத்தியார் என எல்லாரும் இப்போது ஷேர் டிரேடிங்கில் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, வாங்குன உடனே நெஞ்சு படபடன்னு அடிக்கி. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு. இந்தப் பயம் எப்பப் போவும்?"

தைரியமாக இரு, தியானம் பண்ணு என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நான் பார்த்தவரை இந்தப் பயத்தில் முக்கால்வாசி, போட்ட தொகையில் இருந்து வருகிறது. தாங்க முடியாத தொகையைப் போட்டுவிட்டு மனசை மட்டும் அடக்கப் பார்த்தால் நடக்காது. அதனால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி, மார்க்கெட் திறப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள்.

பயத்துக்கு நியாயம் இருக்கிறது

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஷேரை நேரடியாக வாங்காமல், அதன் விலையை வைத்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். எல்லாருமாகச் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். அடுத்த ஆண்டு, அதாவது 2024-25ல், நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம். ஷேரை வாங்கி அன்றைக்கே விற்கும் இன்ட்ராடேயிலும் 2022-23ல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். புரோக்கர் ஆப்பைத் திறந்ததும் "எஃப் அண்ட் ஓவில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள்" என்று ஒரு எச்சரிக்கை வருகிறதே, அது செபி போட வைத்தது. அதைப் படிக்காமல் ஓகே தட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே உங்கள் நெஞ்சு படபடப்பது கோளாறில்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிறது. ஆனால் அந்தப் பயம் கையை எடுத்துக்கொண்டால் தப்பான வேலை செய்யும். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இதை 1979ல் இருந்தே எழுதினார்கள். ஆயிரம் ரூபாய் வந்த சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போன வலி பெரிது. பின்னால் அவர்கள் போட்ட கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதன் விளைவை டிரேடிங்கில் தினமும் பார்க்கலாம். இருநூறு ரூபாய் லாபம் வந்ததும் "இதுவும் போயிருமோ" என்று அவசரமாக விற்போம். இரண்டாயிரம் நஷ்டத்தில் நிற்பதை "வித்தாத்தானே நஷ்டம்" என்று பிடித்துக்கொண்டே இருப்போம். லாபம் சின்னதாகவும் நஷ்டம் பெரிதாகவும் சேர்ந்துகொண்டே போகும்.

முதல் படி: எந்தப் பணம் என்று பிரித்து வையுங்கள்

இந்தப் படிக்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நகையை அடகு வைத்த பணம், ஆப் லோன், வட்டிக்கு வாங்கியது, எடுத்த சீட்டுப் பணம், குழுவில் வாங்கிய கடன், கிரெடிட் கார்டு, பிள்ளை ஃபீஸ், தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது, இவை எதுவும் டிமேட் (ஷேர் கணக்கு) பக்கம் வரக்கூடாது. புரோக்கரே "உங்கள் பணம் 25 ஆயிரம், நாங்கள் 75 ஆயிரம் தருகிறோம்" என்று கொடுக்கும் எம்டிஎஃப்பும் கடன்தான், அதற்கும் வட்டி உண்டு.

டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்காரியின் இரண்டு பவுன் வளையலை அடகு வைத்து ஆப்ஷன் வாங்கினார். சார்ட் எல்லாம் நன்றாகப் பார்ப்பார். எங்கே வாங்க வேண்டும், எங்கே வெளியே வர வேண்டும் என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். ஆனால் பொசிஷன் எடுத்ததும், அதாவது வாங்கிக் கையில் வைத்ததும், கை நடுங்கும். கேட்டதற்கு, "விலை இறங்கையில அவ வெறுங்கைதான் கண்ணுல நிக்கி அண்ணாச்சி" என்றார். இவருக்கு எந்த மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது? முதல் வேலையாக நகையைத் திருப்பச் சொன்னேன். எட்டு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் திருப்பினார். அதற்கப்புறம் சின்னத் தொகையில் ஷேர் மட்டும் வாங்கி விற்கிறார். மனுஷர் அதே மனுஷர்தான், கை நடுக்கம் நின்றுவிட்டது.

ஆறு மாத வீட்டுச் செலவு பேங்கில் தனியாக இருக்க வேண்டும், கடன் தவணை பாக்கி இருக்கக்கூடாது. அதற்கு மேல் மிஞ்சியதில் இருந்து ஒரு தொகையை எடுங்கள். "இது மொத்தமும் போனாலும் அடுத்த மாசம் வாடகை, பால் காசு, ஃபீஸ் எதுவும் நிக்காது" என்று உங்களால் சத்தமாகச் சொல்ல முடிகிற தொகையாக இருக்க வேண்டும். சொல்லும்போது தொண்டை அடைத்தால் பாதியாக்குங்கள். அப்படியும் அடைத்தால் இன்னும் பாதி.

இரண்டாவது: வீட்டில் சொல்லிவிடுங்கள்

நஷ்டம் ஒரு பாரம், அதை மறைப்பது இன்னொரு பாரம். என் பார்வையில் இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கிறது. மனைவி பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பது, அப்பா "என்னடே முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் தலைவலி என்பது, இதெல்லாம் தொடங்கிவிட்டால் நஷ்டத்தை ஒப்புக்கொண்டு வெளியே வரும் வழியும் அடைபட்டுப்போகும். யாருக்கும் தெரியாமல் சரிக்கட்ட வேண்டும் என்றுதான் அடுத்த பெரிய பொசிஷனை எடுப்பார்கள்.

பெரிய விளக்கம் வேண்டாம். "இவ்வளவு ரூபாய் இதுக்குன்னு ஒதுக்கியிருக்கேன். இதுக்கு மேல ஒரு பைசா போடமாட்டேன். மாசக் கடைசில கணக்குக் காட்டுதேன்" என்றால் போதும். மாசக் கடைசியில் காட்டவும் செய்யுங்கள். வீட்டில் சொல்லவே முடியாத தொகை என்றால், அது போடக்கூடாத தொகை.

மூன்றாவது: ஒரு டிரேடில் எவ்வளவு போகலாம்?

பெரும்பாலான புதியவர்கள் "இதில் எவ்வளவு வரும்" என்று பார்த்து வாங்குகிறார்கள். "தப்பானால் எவ்வளவு போகும்" என்பதை முதலில் எழுதுங்கள். மொத்தத் தொகையில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

கணக்கு இப்படி. உங்கள் தொகை 50,000 ரூபாய் என்றால், 1 சதவீதம் 500. ஒரு ஷேர் 400 ரூபாயில் இருக்கிறது. 390க்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தப்பு என்று சார்ட் சொல்கிறது. ஒரு ஷேருக்குப் போகக்கூடியது 10 ரூபாய். 500ஐ 10ஆல் வகுத்தால் 50 ஷேர். அவ்வளவுதான் வாங்கலாம், 20,000 ரூபாய்க்கு. ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் தானாக விற்றுவிடச் சொல்லும் ஆர்டர், 380ல்தான் வைக்க முடியும் என்றால் 25 ஷேர். ஸ்டாப் தூரமாகப் போகப் போக எண்ணிக்கை குறைய வேண்டும். வாங்க நினைத்த எண்ணிக்கைக்காக ஸ்டாப்பை நகர்த்தக் கூடாது.

இப்படிச் செய்தால் தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் சுமார் 5,000 ரூபாய் போகும், 45,000 கையில் இருக்கும். அதை மீட்க 11 சதவீதம் லாபம் போதும். ஒரு டிரேடுக்குப் பத்தாயிரம் போகலாம் என்று இறங்கினால் மூன்றே தோல்வியில் மிச்சம் 20,000. அதை மறுபடி 50,000 ஆக்க 150 சதவீதம் லாபம் வேண்டும்.

தொடர் தோல்வி வரத்தான் செய்யும். காசு சுண்டுவது போல வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்புள்ள ஒருவர் நூறு டிரேட் எடுத்தால், நடுவில் எங்கேயாவது தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்கான வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல். ஐந்தாவது தோல்வியில் "எனக்கு ராசியில்லை" என்று நினைக்கும் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை.

முதல் மாதம் ஒரே ஒரு ஷேர் வாங்கி விற்றுப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. புரோக்கரேஜும் மற்ற கட்டணமும் லாபத்தைத் தின்றுவிடும், தின்னட்டும். பணம் போடாமல் பேப்பரில் டிரேட் செய்து பழகலாமே என்பார்கள். பட்டன்களைப் பழக அது உதவும். பயத்தைப் பழக உதவாது. சொந்தக் காசு பத்து ரூபாய் இருந்தாலே உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

எஃப் அண்ட் ஓ பக்கம் முதல் ஒரு வருடம் போகவே வேண்டாம். நிஃப்டி போன்ற இண்டெக்ஸ் (பல ஷேர்களின் விலையைச் சேர்த்துப் போடும் எண்) மேல் புதிதாக அறிமுகமாகும் ஒப்பந்தத்தின் மதிப்பு 15 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று செபி 2024 நவம்பரில் உயர்த்தியது. ஒரு லாட்டுக்கு (ஒரு தடவையில் வாங்க வேண்டிய குறைந்த அளவு) நீங்கள் கட்டுவது சில ஆயிரமாக இருக்கலாம், ஏறி இறங்குவது அந்த 15 லட்சத்தின் கணக்கில். மேலே சொன்ன 500 ரூபாய்க் கணக்கு அங்கே பெரும்பாலும் உட்காராது.

நான்காவது: ஸ்டாப் லாஸ், அதை நகர்த்தும் கட்டைவிரல்

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழை போட்டவர்கள் காற்றுக்காலத்துக்கு முன்பே முட்டுக்கம்பு கொடுத்துவிடுவார்கள். சூறைக்காற்று அடிக்கையில் கம்பு வாங்கக் கிளம்புகிறவர் யாரும் இல்லை. ஸ்டாப் லாஸும் அப்படித்தான், வாங்கும் ஆர்டரோடு சேர்ந்தே போக வேண்டும்.

போட்டுவிட்டோம், 390. விலை 396, 394, 391. இப்போது கட்டைவிரல் தானாக "மாடிஃபை" பட்டனுக்குப் போகும். "இங்கதான் திரும்பும், ரெண்டு ரூபா மட்டும் இறக்கி வைப்போம்." 388 ஆக்குவீர்கள். விலை 388.50. மறுபடி 380. அப்புறம் "ஸ்டாப்பே வேண்டாம், பார்த்துக்கலாம்" என்று எடுத்துவிடுவீர்கள். மூன்று இருபது வாக்கில் இன்ட்ராடே பொசிஷனை புரோக்கரே முடித்துவிடும்போது விலை 371 என்று வையுங்கள். 500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 1,450. பணம் போனதைவிட, நாமே போட்ட விதியை நாமே உடைத்தோம் என்பது அடுத்த நாள் பயத்தை இரண்டு மடங்காக்கும்.

இதற்கு ஒரே விதி: ஸ்டாப்பை லாபத்தின் பக்கம் மட்டும் நகர்த்தலாம், நஷ்டத்தின் பக்கம் நகர்த்தவே கூடாது. ஆர்டர் போட்டதும் போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவது பலருக்கு உதவுகிறது. விலை வந்தால் மணியடிக்க ஆப்பிலேயே அலர்ட் இருக்கிறது.

சில நுணுக்கங்கள். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைக்கு மட்டும்தான்; டெலிவரி எடுத்த (அன்றைக்கே விற்காமல் வைத்துக்கொண்ட) ஷேருக்கு ஜிடிடி ஆர்டர் (விலை வரும்வரை பல நாள் நிற்கும் ஆர்டர்) போட வேண்டும். லிமிட் விலையோடு ஸ்டாப் போட்டால் டிரிகருக்கும் (ஆர்டர் கிளம்பும் விலை) லிமிட்டுக்கும் (அதற்குக் கீழே விற்காதே என்ற விலை) கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் விலை வேகமாகத் தாண்டிப்போய் ஆர்டர் அப்படியே நின்றுவிடும். காலையில் விலை ஒரேயடியாகக் கீழே திறந்தால் ஸ்டாப் அந்த விலைக்குத்தான் காப்பாற்றும், நீங்கள் எழுதிய விலைக்கு அல்ல. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. 2020 மார்ச் 23ல் சரிவு 10 சதவீதத்தைத் தொட்டு, மார்க்கெட்டையே 45 நிமிடம் நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட பெரிய செய்தி நாளுக்கு முந்தின சாயங்காலம் கையைக் காலியாக வைத்துக்கொள்வது புதியவருக்கு நல்லது.

நம்ம ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. 18ஆம் தேதி திங்கட்கிழமை, மார்க்கெட் வழக்கம்போல நடந்தது. பொசிஷனைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு விலை என்னவென்றே பார்க்க வழியில்லை. புரோக்கரின் டிரேடிங் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்; போனில் ஆர்டர் கொடுக்கத் தனிக் கட்டணம் இருக்கலாம், ஆபத்துக்கு அது பெரிதில்லை. வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள், யாருக்கும்.

ஐந்தாவது: விட்டதைப் பிடிக்கிற வெறி

நஷ்டத்தில் முடிந்த அடுத்த பத்து நிமிடம்தான் ஒரு டிரேடருக்கு மிக ஆபத்தான நேரம். "விட்டதைப் புடிச்சிட்டு எந்திரிப்போம்" என்று தோன்றும். எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஸ்டாப் மறந்துபோகும், சார்ட்டே பார்க்காமல் வாங்குவோம். பயம் கோபமாக மாறிவிட்டது. வெளியே தைரியம் போலத் தெரியும்.

ஒரு நாளுக்கு ஒரு உச்ச நஷ்டம் வையுங்கள். 50,000க்கு ஆயிரம் ரூபாய், அதாவது இரண்டு ஸ்டாப். இரண்டாவது அடித்ததும் அன்றைய கடை அடைப்பு. மனசை நம்பாதீர்கள், பல ஆப்களில் கில் ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் அந்தப் பிரிவில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஆர்டர் போகாது. எங்கே இருக்கிறது என்று நிதானமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தேடி வையுங்கள். கூடவே, அன்றைக்கு பேங்கில் இருந்து டிரேடிங் கணக்குக்குப் புதிதாகப் பணம் மாற்றவே கூடாது. இறங்கும் ஷேரை மேலும் மேலும் வாங்கி "ஆவரேஜ்" பண்ணுவதும் இதே வெறியின் இன்னொரு முகம்தான்.

ஆறாவது: ஒரு நாற்பது பக்க நோட்டு

எக்ஸெல் வேண்டாம், கையால் எழுதுங்கள். வாங்கிய விலை, ஸ்டாப், எண்ணிக்கை, ஏன் வாங்கினேன், அப்போது மனசு எப்படி இருந்தது. ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"செவ்வாய். 412ல் 60. ஸ்டாப் 404. காரணம்: முந்தின நாள் உச்சத்தைத் தாண்டியது. மனசு: அவசரம், ரவி லாபம் எடுத்தான்னு கேள்விப்பட்டதும் வாங்கினேன். முடிவு: ஸ்டாப் அடித்தது, 480 நஷ்டம். விதியை மீறவில்லை."

இந்தப் பதிவில் நஷ்டம் இருக்கிறது, ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். விதிப்படி வந்த நஷ்டத்துக்கு ஒரு டிக், விதியை மீறி வந்த லாபத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் பயம் எந்த நேரத்தில், யார் பேச்சைக் கேட்டதும் வருகிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிந்துவிடும். நிறையப் பேருக்கு அது காலை முதல் பதினைந்து நிமிடம். அப்படியானால் ஒன்பதரைக்கு முன் ஆர்டரே போடாதீர்கள், பாதிப் பதற்றம் குறையும்.

நஷ்டக் கணக்கை வருமான வரி ரிட்டர்னிலும் உரிய தேதிக்குள் காட்டுங்கள். இன்ட்ராடே நஷ்டத்தை 4 வருடமும், எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை 8 வருடமும் முன்னெடுத்துச் சென்று பின்னால் வரும் அதற்குரிய லாபத்தில் கழிக்கலாம்.

டெலிகிராம் டிப்ஸ் குரூப்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. "காரண்டி லாபம்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். ஆலோசகர் செபியில் பதிந்தவரா என்று செபி இணையதளத்திலேயே பார்க்கலாம்; சந்தேகத்துக்கு செபியின் இலவச எண் 1800 266 7575. போலி ஆப்பில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள்.

உடம்பு என்ன சொல்கிறது?

படபடப்பு வந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள், நாலைந்து தடவை. ஸ்டாப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் எழுந்து நடங்கள். இன்னும் அடங்கவில்லையா? பொசிஷனைப் பாதியாகக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முழுசும் விற்றுவிடுங்கள். பயத்தால் விற்கிறோமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. தொகை உங்களுக்குப் பெரிது என்று தெரிந்துகொண்டீர்கள், அடுத்த முறை குறைத்து வாங்குங்கள்.

மூன்றரைக்கு மார்க்கெட் முடிந்ததும் ஆப்பை மூடிவிடுங்கள். ராத்திரி அமெரிக்க மார்க்கெட் பார்த்து உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, தூக்கம்தான் கெடும். தூங்காத மறுநாள் டிரேட் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது?

ஒதுக்கிய தொகையில் கால்வாசி போனால் ஒரு மாதம் நிறுத்துங்கள். பாதி போனால் மொத்தமாக நிறுத்திவிட்டு, மீதியை பேங்குக்கு மாற்றுங்கள். இந்த இரண்டு எண்ணையும் தொடங்கும் அன்றே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கடன் வாங்கி டிரேட் செய்யத் தொடங்கிவிட்டீர்கள், நிறுத்த முடியவில்லை, பொய் சொல்கிறீர்கள் என்றால் இது மார்க்கெட் பிரச்சினை இல்லை, சூதாட்டத்துக்கு அடிமையானதுபோல ஒரு நோய். மருத்துவம் உண்டு. பாளை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104லும் பேசலாம். நண்பர் யாராவது இந்த நிலையில் இருப்பதாகத் தெரிந்தால் அவர் எவ்வளவு இழந்தார் என்று முதலில் விசாரிக்காதீர்கள். "சாப்பிட்டியாடே?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நம்பரை நீங்களே அடித்து அவர் கையில் போனைக் கொடுங்கள்.